கிணத்தானின் தெத்துப்பல்

ஊசி போட்டாகிவிட்டது. இனிப் பத்து நிமிஷம். "நல்லா மரத்துப் போகட்டும் சார், அப்புறம் எடுக்கிறதே தெரியாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் நிலோஃபர் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். சாலிகிராமத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், சாய்த்துப் போட்ட நாற்காலியில், கழுத்தில் காகிதத் துண்டு கட்டிக்கொண்டு, அறுபத்தாறு வயசுத் தணிகாசலம் வாயைப் பாதி திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தார். கூரையில் ஒரு மலை, ஒரு ஏரி, இரண்டு வாத்துகள் உள்ள படத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். பல் பிடுங்க வருகிறவனுக்கு வாத்து எதற்கு? மனசு லேசாகட்டும் என்றா? அவர் மனசு ஏற்கெனவே லேசாகத்தான் இருந்தது, ஊசியைப் பார்க்கும்வரை. ஊசியைப் பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஆளுக்குப் பயந்து ஒரு தலைமுறையே ராத்திரியில் பாத்ரூமுக்குத் துணை கேட்டிருக்கிறது, இவர் ஊசிக்குப் பயப்படுகிறார். இந்த டாக்டர் பெண்ணே சொன்னாள்: "உங்களாலதான் சார் நான் அஞ்சாவது படிக்கிற வரைக்கும் எங்கம்மா புடவையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினேன்." சொல்லிவிட்டு எவ்வளவு சந்தோஷமாக ஊசியைக் குத்தினாள்! வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டாள். குத்தட்டும். பத்து நிமிஷம் கழித்து அந்தப் பல் போய்விடும். மேல் வரிசையில் இடது பக்கம், கூட்டத்தோடு நிற்காமல் தனியாக முன்னால் வந்து எட்டிப் பார்க்கிற ஒற்றைப் பல். எழுபத்தோரு பேய்ப் படங்களில் அதுதான் முதலில் வரும், தணிகாசலம் பின்னால் வருவார்.

எழுபத்தோரு படம் என்றால் எழுபத்தோரு சாவு. உதட்டின் ஓரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, மரக்க ஆரம்பித்துவிட்டது போல, ஆரம்பிக்கட்டும், எங்கே விட்டோம், ஆ, சாவு. சூலத்தால் குத்திச் செத்தது பதினாலு தடவை. நெருப்பில் வெந்தது ஒன்பது. எலுமிச்சம்பழத்தை வெட்டியதும் பொத்தென்று விழுந்தது கணக்கே இல்லை. ஒருமுறை பித்தளைச் சொம்புக்குள் அடைத்து மஞ்சள் துணி கட்டிக் கடலில் போட்டார்கள், அதற்கு இரண்டு நாள் ஷூட்டிங், இரண்டு நாளும் சொம்புக்குத்தான் குளோசப். ஒரு படத்தில் தலைகீழாகப் புளியமரத்தில் தொங்கிக்கொண்டே சாக வேண்டும், உதவி இயக்குநர் சாப்பாட்டு இடைவேளை என்று கத்தியதும் எல்லாரும் ஓடிவிட்டார்கள், இவரை இறக்கிவிட மறந்துவிட்டார்கள், சாம்பார் வாசனை தலைகீழாக ஏறியது. நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பாதி உதடுதான் வந்தது, மறு பாதி எனக்கென்ன என்று கிடந்தது. ஆனால் எழுபத்தோரு சாவில் ஒரு சாவுக்காவது யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா? விசில். கைதட்டல். காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிடுவார்கள். இவர் செத்தால் ஊருக்குத் திருவிழா. கூட நடித்த எத்தனையோ பேர் கட்டிலில் படுத்தபடி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வசனம் பேசி, இருமி, தலை சாய்த்துச் செத்திருக்கிறார்கள். தியேட்டரே மூக்கைச் சிந்தும். இவருக்கும் அப்படி ஒரு சாவு வேண்டும், ஒன்றே ஒன்று, முப்பத்தாறு வருஷமாக இந்த ஆசைதான். அது இப்போதுதான் வீடு தேடி வந்தது. பல்லைக் கொடுத்தால் சாவு கிடைக்கும். கேட்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருந்தாலும் விஷயம் அதுதான்.

வந்தவன் சுகந்தன் என்று ஒரு புது இயக்குநர், இருபத்தெட்டு வயசு இருக்கும், சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கதை சொன்னான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊருக்கே எழுத்தறிவித்தவர், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போகிறது, பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். "நீங்க சாகும்போது தியேட்டர்ல ஒரு கண்ணுகூடக் காய்ஞ்சிருக்காது சார்" என்றான். தணிகாசலத்துக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. தன் சாவுக்குத் தானே முதலில் அழுத ஆள் இவராகத்தான் இருக்கும். "ஒண்ணே ஒண்ணு சார், அந்தப் பல்லு. அது தெரிஞ்சா ஜனங்க வாத்தியாரைப் பார்க்க மாட்டாங்க, கிணத்தானைத்தான் பார்ப்பாங்க." நியாயம்தானே? ஏற்கெனவே அந்தப் பல் லேசாக ஆட்டம் கண்டிருந்தது. எடுத்துவிட்டு வரிசையாக ஒரு கட்டுப்பல் வைத்துவிட்டால் மூன்று வாரத்தில் ஷூட்டிங்குக்குத் தயார். அவன் போனதும் உள்ளே போய்க் குமுதாவிடம் சொன்னார். மனைவி குமுதவல்லி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டாள். பல் விஷயத்தையும் கேட்டாள். நிமிர்ந்து பார்க்காமல், "உங்க இஷ்டம்" என்றாள். அவ்வளவுதான். இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். உங்க இஷ்டம் என்றால் உங்க இஷ்டம்தானே? வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீரிட்டது. "அழாதடா செல்லம், அழுதா பக்கத்து ரூம்ல கிணத்தான் மாமா இருக்காரு, வந்துடுவாரு" என்று அதன் அம்மாவின் குரல் கேட்டது. சட்டென்று அமைதி. பாருங்கள், படுத்துக்கிடந்தாலும் தொழில் நடக்கிறது.

கிணத்தான். பெயரே அதாகிப் போனது. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூடச் சம்பந்தி வீட்டார் 'கிணத்தான்' தணிகாசலம் என்றுதான் அடித்தார்கள். அதற்கு முன்னால் அவர் மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தவர். மீட்டர் எங்கே இருக்கும்? மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பேனா, டார்ச் லைட்டைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் வாயில் கடித்துக்கொள்வார், அந்தத் தெத்துப்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் டார்ச் அச்சில் வார்த்தது போல் உட்காரும். ஒருநாள் கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அப்படி ரீடிங் எழுதிவிட்டு, டார்ச்சை வாயிலிருந்து எடுத்து முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, "எண்ணூத்தி நாப்பது" என்று சிரித்த முகமாகத் திரும்பினார். பின்னால் நின்ற அம்மாள் அலறி விழுந்தாள். அவள் மகன் சினிமா இயக்குநர். அம்மாவைத் தூக்கினானா? இல்லை, இவரைப் பிடித்துக்கொண்டான். "சார், அந்த லைட்டை மறுபடி அப்படியே பிடிங்க!" அதுதான் முதல் படம், 'நாற்பதடிக் கிணறு', கிணத்துப் பேய் வேஷம். கிணற்றுக்குள் இருந்து முதலில் இரண்டு கை, அப்புறம் அந்தப் பல். அம்மா இருந்தவரை அதைத் தெத்துப்பல் என்பாள், தெத்துப்பல்லோடு சிரித்தால் லட்சணம் என்பாள், ஆனால் பெண்களுக்குச் சொல்வதை அம்மா தனக்குச் சொல்கிறாளே என்று பையன் வாயைப் பொத்திக்கொள்வான். சினிமாக்காரர்கள் அதற்குக் கோரைப்பல் என்று பெயர் வைத்தார்கள். இந்த டாக்டர் கேனைன் என்கிறாள். ஒரே பல், வீட்டுக்கொரு பெயர். நடிக்கட்டுமா என்று குமுதாவிடம்தான் முதலில் கேட்டார். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். "போய் நடிங்க, மாடிப்படிக்கு அடியில இருக்கிறதுக்குக் கிணத்துக்குள்ள இருந்தா என்ன?" என்றாள். பளிச்சென்று சொன்னாள். உங்க இஷ்டம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? மூக்கின் ஓரமும் மரத்துவிட்டது, தொட்டால் வேறு யாரோ ஒருவருடைய மூக்கைத் தொடுகிற மாதிரி இருந்தது. வாத்துகள் அங்கேயே நின்றன. மனசு போகக் கூடாத இடத்துக்குப் போனது, எப்போதும் அங்கேதான் போகும், நாக்கு ஆடும் பல்லையே தேடிப் போகிற மாதிரி. அந்த முதல் படம் வெளியான வாரம், காஞ்சிபுரத்தில், மாமனார் வீட்டு ஆட்கள் பதினோரு பேரோடு முதல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிணத்தான் எழுந்தபோது தியேட்டர் அலறியது, மச்சான் இவர் தொடையைக் கிள்ளினான், ஒரே கொண்டாட்டம். கடைசியில் மந்திரவாதி வந்து கிணத்தானை உள்ளே தள்ளி, மேலே பாறாங்கல்லை வைத்து மூடுகிறான், உள்ளிருந்து கை மட்டும் கல்லைப் பிறாண்டுகிறது, தியேட்டர் எழுந்து நின்று விசிலடிக்கிறது, திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் குமுதா இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் விறுவிறுவென்று நடக்கிறாள். அவமானம் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. பிறந்த வீட்டு மனிதர்களுக்கு முன்னால் புருஷன் பேயாக நிற்பது எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? அதற்குப் பிறகு ஒரு படத்துக்கும் அவள் வந்ததில்லை. டிவியில் போட்டால்கூட எழுந்து போய்த் துணி மடிப்பாள். ஏன் என்று இவர் கேட்டதில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? முப்பத்தாறு வருஷமாகக் கேட்காமலே சமாளித்துவிட்டார், கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம். இந்த வாத்தியார் வேஷத்துக்கு இத்தனை ஆசை எதனால் என்று இப்போது, தலை கீழே சாய்ந்து கிடக்கையில், சந்தேகம் வந்தது. ஊர் அழுவது இருக்கட்டும். அவளைக் கூட்டிப் போய் உட்கார வைக்க ஒரு படம் வேண்டும். பாதியில் எழுந்து போகாமல் அவள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பல் என்ன, தாடையையே கேட்டாலும் கொடுக்கலாம்.

ஆனால் உங்க இஷ்டம் என்றாளே. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்கிறது? யோசித்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டபோது உங்க இஷ்டம் என்றாள், அது திண்டிவனத்தில் நின்றது, பிறகு மேல்மருவத்தூரில் நின்றது, பிறகு வீட்டு வாசலில் நிரந்தரமாக நின்று காக்காய்க்கு வீடானது. தலைக்குச் சாயம் அடிக்கட்டுமா என்றபோது உங்க இஷ்டம் என்றாள், நெற்றியெல்லாம் கொப்பளித்து ஒரு வாரம் மேக்கப் இல்லாமலே பேயாக நடித்தார். மாடியில் முயல் வளர்க்கலாமா என்றதற்கும் அதேதான், முயலைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். வேண்டும் என்றால் அவள் நேராகச் சொல்வாள். போங்க, வாங்க, நடிங்க, சாப்பிடுங்க. அப்போது சட்டென்று, ஏனென்று தெரியாமல், பஜ்ஜி வாசனை வந்தது. காஞ்சிபுரம், பெண் பார்க்கப் போன அன்றைக்கு வந்த வாசனை. வழியெல்லாம் அம்மா, "வாயைத் திறக்காதே, சிரிச்சு வைக்காதே, சம்பந்தம் முடியட்டும்" என்று உருப்போட வைத்திருந்தாள். லட்சணம் என்று சொன்ன அதே அம்மாதான். இவரும் கேசரியை உதடு பிரியாமல் தின்று, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். கால் மணி நேரம் பார்த்த பெண்ணின் அப்பா, பக்கத்தில் இருந்த தரகரின் காதில், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிறாற்போல் கேட்டார்: "ஏன்யா, பையன் ஊமைங்கிறதைச் சொல்லவே இல்லையே?" அவ்வளவுதான், வாயில் இருந்த பஜ்ஜியோடு தணிகாசலம் வெடித்துச் சிரித்துவிட்டார். பல் வெளியே வந்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்க ஒரு பெண் சிரிப்பது கேட்டது. ஒரே வாரத்தில் சம்மதம் என்று கடிதம் வந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே மாமனார் சொன்னார்: "மாப்பிள்ளை, ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. உங்களுக்கு முன்னாடி மூணு வரன் வந்துது. மூணு தடவையும் கேட்டேன். 'உங்க இஷ்டம்பா'ன்னா. எங்க வீட்டுப் பொண்ணு 'உங்க இஷ்டம்'னா வேணாம்னு அர்த்தம். உங்களைப் பார்த்த அன்னிக்குத்தான் வாயைத் திறந்து 'சரி'ன்னா."

தணிகாசலம் நாற்காலியில் நெளிந்தார். அட மடையா! கல்யாண மேடையிலேயே சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர், முப்பத்தேழு வருஷமாக அதை எங்கேயோ போட்டுவிட்டுப் பூட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாளே, அதற்குப் பிறகு மூன்று நாள் தொடர்ந்து வற்றல் குழம்பு வைத்தாளே, இன்றைக்குக் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு பிளாஸ்க்கோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாளே, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையே! வேண்டாம் என்கிறாள். பல் வேண்டாம் என்று இல்லை, பல்லை எடுக்க வேண்டாம் என்கிறாள். அந்தப் பல்லைப் பார்த்துத்தானே சரி என்றாள்? அப்படியானால் தியேட்டரில் ஏன் எழுந்து போனாள்? அது இடிக்கிறதே. அந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லையே. கதவு திறந்தது. நிலோஃபர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள், விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தாள், தட்டில் இருந்து பல் பிடுங்கும் குறட்டை எடுத்தாள், "மரத்துடுச்சா சார்?" என்று குனிந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். உதடு வரவில்லை. உதடு இல்லாமல் 'வே' எப்படி வரும், 'டாம்' எப்படி மூடும்? அடிவயிற்றிலிருந்து கிளம்பியது வேறொன்று.

"ங்ங்ஏஏஏஞ்ஞாஆஆங்..."

விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைப் பல் மின்ன, கடைவாயில் எச்சில் வழிய, இரண்டு கையும் எழும்பி வந்தன. முப்பத்தாறு வருஷத்தில் கிணத்தான் இத்தனை சிறப்பாக எழுந்ததே இல்லை. "அம்மாஆ!" என்று அலறிய டாக்டர் நிலோஃபர் குறட்டைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்து அறையில் அடங்கியிருந்த குழந்தை மறுபடி ஆரம்பித்தது. தடதடவென்று கதவைத் திறந்துகொண்டு பிளாஸ்க்கோடு வந்து நின்றவள் குமுதா.

"என்னாச்சு டாக்டரம்மா? என்ன பண்ணீங்க அவரை?"

"நான் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி! அவருதான் என்னைப் பண்ணிட்டாரு!"

குமுதா புருஷனைப் பார்த்தாள். கோணிய வாய், காகிதத் துண்டு, திருதிரு முழி, நடுவில் அந்தப் பல். முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வளையல் குலுங்கச் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. தணிகாசலம் அவள் கையைப் பிடித்து, பல்லைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னார்:

"உன்... இத்தம்."

"என்ன இத்தம்?"

"இத்த்தம்! உன் இத்தம்!"

அவளுக்குப் புரிந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "என் இஷ்டமா? இப்பவாவது கேட்கத் தோணுச்சே. பல்லு இருக்கட்டும். டாக்டரம்மா, ஆடுதுன்னா அதைக் கெட்டியாக்க வழி பாருங்க. பிடுங்க வேணாம்."

"பண்ணலாம் ஆன்ட்டி, பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டிடலாம்" என்றாள் நிலோஃபர், சுவரை விட்டு இன்னும் வராமலே.

"அந்தத் தம்பிகிட்டயும் நானே பேசறேன். வாத்தியாருக்குத் தெத்துப்பல் இருக்கக் கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? எங்க கணக்கு வாத்தியாருக்கு ரெண்டு இருந்துது."

தணிகாசலத்துக்கு நிம்மதியாக இருந்தது, கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. அந்தப் பையன் ஒத்துக்கொள்ளவா போகிறான்? மறைக்காமல் சொல்லிவிட்டார், குழறிக் குழறி, எச்சில் தெறிக்க: ஒரே ஒரு படத்தில் ஜனங்கள் எனக்காக அழ வேண்டும் என்று இருந்தேன், குமுதா. இத்தனை தடவை செத்தேன், ஒருத்தர் அழவில்லை. நீகூட அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் பாதியில் எழுந்து போய்விட்டாய்.

குமுதா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"எழுந்து ஏன் போனேன்னு நினைச்சீங்க?"

"அவவானம்."

"அவமானமா? நல்லா இருக்கே கதை!" அவள் குரல் உயர்ந்தது. "உங்களைக் கிணத்துக்குள்ள தள்ளிக் கல்லை வெச்சு மூடறான் அந்தப் பாவி. நீங்க உள்ளேர்ந்து கையால பிறாண்டறீங்க. தியேட்டரே கைதட்டுது, எங்க அண்ணன் வேற விசிலடிக்கிறான். எனக்கு நெஞ்சை அடைச்சிடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு வெளியில வந்து, சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நின்னு, அரை மணி நேரம் அழுதேங்க. பேய் செத்ததுக்கு அழறாளேன்னு முறுக்கு விக்கிறவன் பார்த்துச் சிரிச்சான். அதுக்கப்புறம் ஒவ்வொரு படத்துலயும் உங்களைக் கொல்லுவாங்களாம், நான் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கணுமாம்!"

அவள் குனிந்து, புடவைத் தலைப்பால் அவருடைய இடது கன்னத்தைத் துடைத்தாள். எச்சில்தான் வழிந்திருக்கும் என்று நினைத்தார். அவள் கை கண் வரைக்கும் போனபோதுதான் தெரிந்தது, மரத்துப்போன பக்கம் வெகுநேரமாக அழுதுகொண்டிருந்திருக்கிறது.